திருகு வண்டி செய்த கதை: இதுவரை சேறுதான் ஜெயித்திருக்கிறது

சக்கரமும் இல்லாமல் செயின் பட்டையும் இல்லாமல், இரண்டு பெரிய திருகாணியைப் படுக்க வைத்த மாதிரி ஒரு சோவியத் வண்டி சதுப்பில் போகும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போச்சு. அதன் பெயர் ஸில் 2906. 1965 மார்ச்சில் வோஸ்கோத் 2 விண்கலம் இடம் தவறி பெர்ம் பக்கத்துப் பனிக்காட்டில் இறங்கியது. அதிலிருந்த விண்வெளி வீரர்கள் லியோனோவும் பெல்யாயேவும் இரண்டு இரவு அங்கேயே கிடந்தார்கள், மரங்கள் அடர்ந்திருந்ததால் ஹெலிகாப்டர் இறங்க வழியில்லை, கடைசியில் பனிச்சறுக்குப் பலகை கட்டி நடந்துதான் வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாஸ்கோ ஸில் தொழிற்சாலையில் விட்டாலி கிராச்சோவின் குழு விண்வெளி வீரர்களைத் தேடி மீட்கவென்றே வண்டிகள் செய்ய ஆரம்பித்தது. திருகு வண்டி அதில் ஒன்று. லாடா கார் எஞ்சின் இரண்டு, திருகுக்கு ஒன்று.

அதே மாதிரி ஒரு குட்டி வண்டி செய்ய இறங்கினேன். என்னுடையதற்கு 12 வோல்ட் கியர் மோட்டார் இரண்டு, 200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 200 சுற்று). உருளைக்கு 50 மில்லிமீட்டர் பிவிசி பைப், 45 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு. அதன் மேல் புரி, அதாவது திருகாணியில் சுற்றி ஓடும் வரி, வைப்பதில்தான் உயிர் போனது. முதலில் நைலான் கயிற்றைச் சுற்றி ஃபெவிக்விக் போட்டேன். கயிறு உருண்டை அல்லவா, மண்ணைக் கடிக்காமல் வழுக்கிக்கொண்டே சுற்றியது. அப்புறம் உடைந்த பக்கெட்டிலிருந்து வளையங்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கீறல் போட்டு இழுத்து ஒட்டினேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: வளையத்தை இழுத்தால் உள் ஓட்டை சுருங்கும், அதனால் 50 மில்லி பைப்புக்கு 54 மில்லி ஓட்டை வேண்டும். இது தெரியாமல் ஒரு முழு பக்கெட் வீண். (வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.)

அடுத்த முட்டாள்தனம், இரண்டு உருளைக்கும் ஒரே பக்கப் புரி ஒட்டிவிட்டேன். இரண்டையும் ஒரே திசையில் சுற்றினால் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடுகிறது, எதிரெதிராகச் சுற்றினால் நின்ற இடத்திலேயே திரும்புகிறது, நேராக மட்டும் போகவே போகாது. ஒன்று இடப்புரி, மற்றது வலப்புரி என்று இருந்து, எதிரெதிராகச் சுற்றினால்தான் பக்கத்து இழுப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு முன்னே தள்ளும். பிய்த்து மறுபடி ஒட்டினேன், ஒரு ஞாயிறு காலி.

தண்ணீரில் விட்டேன். எடை 1 கிலோ 250 கிராம், இரண்டு பைப்பும் சேர்ந்து ஒதுக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 1 லிட்டர் 750, அதனால் மிதக்கும் என்று கணக்கு. மிதந்தது, சுமார் ஐந்து நிமிடம். அச்சு தண்ணீருக்குள் இருப்பதால் மூடி வழியாகக் கசிந்து இடது உருளை நிறைந்து சாய்ந்துவிட்டது. இப்போது உள்ளே தெர்மகோல் துண்டுகளைத் திணித்து, அச்சில் கிரீஸ் வைத்திருக்கிறேன், கசிந்தாலும் மூழ்காது.

ஏரிக்கரை மணலில் நன்றாகவே போனது. புரி ஒரு சுற்றுக்கு 5 சென்டிமீட்டர், 200 சுற்றுக்கு நிமிடத்துக்கு 10 மீட்டர் வர வேண்டும், எனக்கு 6 வந்தது, மிச்சம் வழுக்கலில் போனது. பரவாயில்லை. ஆனால் உள்ளே களிமண் சேற்றில் இரண்டு அடி போவதற்குள் புரிகளுக்கு நடுவே சேறு அப்பி, உருளை மொழுமொழுவென்று அப்பளக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. பல்லே இல்லை, சும்மா சுற்றுகிறது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், பத்து நிமிடம் ஒட்டவில்லை, அப்புறம் பழையபடிதான். புரி இடைவெளியை 8 சென்டிமீட்டர் ஆக்கினால் சேறு கழன்று விழலாம் என்று ஒரு நப்பாசை.

சிமெண்ட் தரையில் இது சுத்த வேஸ்ட், புரி தேய்ந்து கிறீச்சிடுகிறது. அசலுக்கும் இதே வியாதிதான். அதனால்தான் ஸில் 4906 என்ற ஆறு சக்கர நீர்நில வண்டி அதை முதுகில் சுமந்துகொண்டு போய் சதுப்பு ஓரத்தில் இறக்கிவிடும். அந்த ஆறு சக்கரத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் சேர்ந்தே திரும்பும், நடுவில் இருப்பது மட்டும் பக்கவாட்டில் திரும்பாது. அதையும் செய்ய ஆசை, ஆனால் முதலில் 8 சென்டிமீட்டர் புரி. அதற்கு வளையத்தின் அளவைத் திரும்பக் கணக்கிட வேண்டும், இன்னொரு உடைந்த பக்கெட்டும் தேட வேண்டும்.