கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு: 1953-ஐ விட்டுவிட்டால்

ஜூன் 14, 2025, சனி

நேற்று விடிவதற்குள் இஸ்ரேல் ஈரான் மீது குண்டு வீசிவிட்டது. பாலக்காட்டுப் பக்கம், தமிழ் பேசும் எங்கள் ஊர் டீக்கடையில் இன்று காலை வேறு பேச்சே இல்லை. எங்கள் தெருவிலேயே துபாய், தோஹா, மஸ்கட் என்று ஆள் போயிருக்கிற வீடுகள் உண்டு. சுவரில் மலையாளச் செய்தி ஓடிக்கொண்டிருக்க, பெஞ்சில் தமிழில் வாக்குவாதம். "அதெல்லாம் ஆயிரம் வருசத்துப் பகைங்க. மதத்துக்காக அடிச்சுக்கறாங்க. அமெரிக்காக்காரனும் வந்து சேந்துக்குவான் பாருங்க" என்று ஒருவர் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ஈரானுக்கும் அமெரிக்காவுக்கும் இருப்பது ஆயிரம் வருடப் பகை இல்லை. என் அப்பா பிறந்தபோது அந்தப் பகையே கிடையாது. தமிழ் மீடியத்தில் சமூக அறிவியல் எடுக்கிறவன் நான். எனக்குத் தெரிந்ததை இந்தச் சண்டை ஓயும்வரை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு வாத்தியார் கதை. ஹோவர்ட் பாஸ்கர்வில் என்று ஓர் அமெரிக்க இளைஞர், ஈரானின் தப்ரீஸ் நகரத்தில் மிஷன் பள்ளியில் பாடம் நடத்த வந்தார். அப்போது ஈரானியர்கள் மன்னரை எதிர்த்து, நாடாளுமன்றமும் அரசியல் சட்டமும் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். மன்னரின் படை தப்ரீஸை முற்றுகையிட்டு ஊரைப் பட்டினி போட்டது. பாஸ்கர்வில் தன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு முற்றுகையை உடைக்கப் போனார். 1909 ஏப்ரலில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 24. அவர் கல்லறை இன்றும் தப்ரீஸில்தான் இருக்கிறது.

1911-இல் அந்த நாடாளுமன்றமே மோர்கன் ஷஸ்டர் என்ற அமெரிக்கரை அழைத்து, நாட்டின் கஜானாவை ஒழுங்குபடுத்தச் சொன்னது. ரஷ்யா படையெடுப்பதாக மிரட்டி அவரை வெளியேற்ற வைத்தது, பிரிட்டன் அதற்குத் துணை நின்றது. அதற்கு நான்கு வருடம் முன்னால்தான் இந்த இரண்டு பேரரசுகளும் ஈரானியரை ஒரு வார்த்தை கேட்காமல், வடக்கு எனக்கு, தென்கிழக்கு உனக்கு என்று அந்த நாட்டைப் பங்கு பிரித்திருந்தன. அந்தக் காலத்து ஈரானியருக்கு அமெரிக்கர் என்றால் உதவிக்கு வந்தவர்.

ஜூன் 16, திங்கள்

பத்தாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "சார், அவங்களுக்கு அமெரிக்கா மேல எதுக்கு இவ்வளவு கோபம்?" அவன் அப்பா சவுதியில், தம்மாமில் லாரி ஓட்டுகிறார். பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு எண்ணெயிலிருந்து ஆரம்பித்தேன்.

1901-இல் வில்லியம் டார்சி என்ற செல்வந்தர் ஈரான் மன்னரிடம் ஓர் உரிமை வாங்கினார். வடக்கே ஐந்து மாகாணங்கள் போக, நாடு முழுவதும் எண்ணெய் தோண்டலாம், அறுபது வருடத்துக்கு. ஈரானுக்கு நிகர லாபத்தில் 16 சதவீதம். 1908-இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. அதை எடுக்க ஒரு பிரிட்டிஷ் கம்பெனி அமைந்தது. 1914-இல் பிரிட்டிஷ் அரசே அந்தக் கம்பெனியில் பாதிக்கு மேல் பங்கை வாங்கிவிட்டது, தன் போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் வேண்டும் என்று. அந்தக் கம்பெனியின் வாரிசுதான் இன்றைய பிபி.

ஈரானின் அபாதானில் அவர்கள் கட்டிய சுத்திகரிப்பு ஆலை அன்று உலகத்திலேயே பெரியது. நம் நாட்டிலிருந்தும் ஆட்கள் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் புல்வெளி, நீச்சல்குளம். ஈரானியத் தொழிலாளிக்குத் தகரமும் சாக்கும் போட்ட குடிசை. லாபத்தில் பங்கு என்கிறார்களே, அந்த லாபக் கணக்கைப் பார்க்கும் உரிமைகூட ஈரான் அரசுக்கு இல்லை. பிள்ளைகளுக்கு மற்ற எதையும்விட இதுதான் உறைத்தது. பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் விட்டவன் அறுவடை எவ்வளவு என்று களத்தில் எட்டிப் பார்க்கக்கூடாது என்றால் யார் பொறுப்பான்?

ஜூன் 19, வியாழன்

இன்று வாசிப்பு தினம். பி.என். பணிக்கரின் நினைவு நாள். அசெம்பிளியில் பிள்ளைகள் உறுதிமொழி எடுத்தார்கள். மதியம் நூலகத்தில் பத்தாம் வகுப்புக்கு, 1953-இல் கவிழ்க்கப்பட்ட ஈரான் பிரதமர் மொசாதெக்கைப் பற்றி நான் எழுதிவைத்திருந்த குறிப்பை வாசித்தேன். அதன் சுருக்கத்தை இங்கே போடுகிறேன், ஏனென்றால் எல்லாமே இதில்தான் இருக்கிறது.

1950 கடைசியில் சவுதி அரேபியாவில் அமெரிக்கக் கம்பெனி லாபத்தில் சரிபாதி தர ஒப்புக்கொண்டது. ஈரானுக்கும் அப்படியொன்றைப் பிரிட்டன் நேரத்தோடு கொடுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். கொடுக்கவில்லை. 1951 மார்ச்சில் ஈரான் நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியது. அடுத்த மாதக் கடைசியில் முகமது மொசாதெக் பிரதமர் ஆனார். சுவிட்சர்லாந்தில் சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர், எழுபதை ஒட்டிய வயது, நோயாளி. நாடாளுமன்றத்தில் பேசும்போது அழுதுவிடுவார், சமயத்தில் மயங்கியும் விழுவார். கட்டிலில் படுத்தபடியே தூதர்களைச் சந்திப்பார். மேல்நாட்டுப் பத்திரிகைகள் அதை வைத்து அவரைக் கேலி செய்தன. ஆனால் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குத் தானே போய் வாதாடினார். ஹேக் நீதிமன்றத்திலும் போய் நின்றார். இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று 1952 ஜூலையில் அந்த நீதிமன்றம் சொன்னது. அதாவது பிரிட்டன் தோற்றது.

சட்டத்தில் தோற்றவர்கள், வழக்கு நடக்கும்போதே கடலிலும் மறித்துக்கொண்டிருந்தார்கள். ஈரான் எண்ணெயை யாரும் வாங்கக்கூடாது என்று தடை. ஈரானின் வருமானம் வற்றியது. ஆட்சியைக் கவிழ்க்கலாம் என்று பிரிட்டன் கேட்டபோது அமெரிக்க அதிபர் ட்ரூமன் இணங்கவில்லை. 1953-இல் ஐசனோவர் அதிபராக வந்ததும் கம்யூனிச பயம் காட்டினார்கள், இணங்கிவிட்டார். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-வின் கெர்மிட் ரூஸ்வெல்ட் தெஹ்ரானுக்கு வந்தார். பத்திரிகைகளுக்குப் பணம், எம்.பி.க்களுக்குப் பணம், தெருவில் கூட்டம் சேர்க்கும் சண்டியர்களுக்குப் பணம். ஆகஸ்ட் 15 இரவு முதல் முயற்சி தோற்றது. ஈரான் மன்னர் ஷா பயந்து பாக்தாத், அங்கிருந்து ரோம் என்று ஓடிவிட்டார். ரூஸ்வெல்ட் மட்டும் நகரவில்லை. ஆகஸ்ட் 19 அன்று மறுபடியும் கூட்டம், கூடவே ராணுவ டாங்கிகள். பிரதமர் வீட்டு மதிலை டாங்கிகள் உடைத்தன. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது.

மொசாதெக்குக்கு மூன்று வருடச் சிறை. அப்புறம் அகமதாபாத் கிராமத்தில், சொந்த வீட்டிலேயே காவல், 1967 மார்ச்சில் சாகும்வரை. தன்னைப் பிரதமர் பதவியில் திரும்ப உட்காரவைத்த 1952 ஜூலைப் போராட்டத்தில் இறந்தவர்கள் பக்கத்தில் தன்னைப் புதைக்கச் சொல்லியிருந்தார். ஷா விடவில்லை. அந்த வீட்டுக்குள்ளேயே, தரைக்கு அடியில் புதைத்தார்கள்.

1954-இல் எண்ணெயைப் புதிதாகப் பங்கு போட்டபோது பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40 சதவீதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 சதவீதம். அதுவரை ஈரான் எண்ணெயில் அமெரிக்காவுக்குச் சொட்டுக்கூட பங்கு கிடையாது. 1957-இல் ஷாவுக்கு சாவாக் என்ற ரகசியப் போலீஸ் அமைய அமெரிக்கா கைகொடுத்தது. அடுத்த இருபது வருடம் அந்த நாட்டில் வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளிடம் முழுதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

நேற்று வாசித்ததைக் கேட்டிருந்த ஒரு மலையாள டீச்சர் 1959-ஐ ஞாபகப்படுத்தினார். கேரளத்துக்காரர்களுக்கு இது புரிய வேண்டும். 1957-இல் கேரளத்தில் தேர்தலில் வென்று வந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அரசை 1959 ஜூலை 31 அன்று டெல்லி கலைத்தது. கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அமெரிக்கா காங்கிரசுக்குப் பணம் கொடுத்தது என்று, இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹனே பிற்பாடு எழுதினார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். இங்கே கலைத்தது நம் நாட்டு அரசு. 1960 பிப்ரவரியிலேயே மறுபடியும் ஓட்டுப் போட்டோம். இ.எம்.எஸ். 1967-இல் திரும்ப முதல்வரும் ஆனார். ஈரானியருக்கு அந்த இரண்டாவது ஓட்டுதான் கிடைக்கவில்லை. ஓட்டுப்பெட்டி அடைபட்டதால் கோபம் எல்லாம் மசூதிக்குள் போய்ச் சேர்ந்தது. 1979-இல் புரட்சி ஷாவை விரட்டியபோது மதத் தலைவர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

அமெரிக்கா இறங்கிவிட்டது. ஃபோர்தோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் மூன்று அணுத் தளங்கள் மீதும் தாக்குதல். ஏழு பி-2 விமானங்கள், ஒவ்வொன்றும் 13 டன்னுக்கு மேல் எடையுள்ள குண்டுகள்.

ஈரானுக்கு முதல் அணு உலையைக் கொடுத்தது யார் தெரியுமா? அமெரிக்காதான். 1957-இல் ஒப்பந்தம், 1967-இல் தெஹ்ரானில் ஆராய்ச்சி உலை. எரிபொருளும் அமெரிக்காவே கொடுத்தது, அதுவும் அதிகம் செறிவூட்டிய யுரேனியம். ஷா தங்கள் ஆள் என்பதால் அன்று அதில் யாருக்கும் ஆபத்து தெரியவில்லை.

2015-இல் அமெரிக்காவும் மற்ற வல்லரசுகளும் ஈரானோடு செய்த அணு ஒப்பந்தத்தில் ஒரு வழி பிறந்தது. யுரேனியச் செறிவூட்டலை (அது கூடக்கூட அணுகுண்டுக்கு நெருங்கும்) 3.67 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ள ஈரான் ஒப்புக்கொண்டது, சர்வதேச ஆய்வாளர்களை உள்ளே விட்டது. சொன்னபடி நடக்கிறது என்று அவர்கள் திரும்பத் திரும்ப அறிக்கை கொடுத்தார்கள். 2018 மே 8 அன்று டிரம்ப் அதிலிருந்து வெளியேறினார். அதற்கப்புறம்தான் ஈரான் 60 சதவீதம்வரை போனது. இன்றைய குண்டுக்கு அந்த மே மாதக் கையெழுத்தும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆத்திரமாக வருகிறது.

ஜூன் 23, திங்கள், இரவு

பத்து மணி தாண்டி தங்கச்சி ஓடிவந்தாள். "அண்ணா, கத்தார்ல குண்டு போடறாங்களாம். அவரு போன எடுக்க மாட்டேங்கறாரு." மாப்பிள்ளைக்கு தோஹாவில் ஏசி மெக்கானிக் வேலை. ஊருக்குத் தென்மேற்கே உள்ள அல் உதைத் அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை விட்டிருக்கிறது. வான்வழியை மூடிவிட்டார்கள். கேரளத்திலிருந்து போகும் விமானங்களும் சிக்கிக்கொண்டன.

முக்கால் மணி நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. கேம்ப் மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. கறுத்த வானத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள் மேலே ஏறி ஒவ்வொன்றாக வெடிக்கின்றன. பின்னால் யாரோ மலையாளத்தில் "கீழே வா, கீழே வா" என்று கத்துகிறார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் குரல்: "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க." தங்கச்சி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். "அவங்க சண்டைக்கு இவரு என்னண்ணா பண்ணுனாரு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஆள் சேதம் இல்லை என்று செய்தி வந்தபிறகுதான் சாப்பிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

போர் நிறுத்தம் என்கிறார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் துபாய் தேராவில் ஒரு மசாலாக் கடையில் இருந்தவர். முதலாளி பந்தர் அப்பாஸ்காரர். 1988 ஜூலை 3 அன்று அந்த ஊரிலிருந்து துபாய்க்கு வந்துகொண்டிருந்த ஈரான் ஏர் 655-ஐ அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் சுட்டு வீழ்த்தியது. 290 பேர். அதில் 66 குழந்தைகள். இந்தியர்கள் 10 பேர்.

"மொதலாளி ஷட்டரப் பாதி எறக்கிட்டு உள்ள உக்காந்துட்டாருங்க. தராசுல ஏலக்கா போட்டது போட்டபடி கெடக்குது. ரேடியோவ விட்டு நகரல. தெரிஞ்சவங்க நாலு பேரு அதுல வந்தாங்களாம்." தாத்தா இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

வந்தது எஃப்-14 போர் விமானம் என்று தவறாக நினைத்துச் சுட்டோம் என்றது அமெரிக்கா. அந்த எஃப்-14 விமானங்களை ஷா காலத்தில் ஈரானுக்கு விற்றதும் அவர்களே. கப்பல் அப்போது ஈரானின் கடல் எல்லைக்குள் இருந்ததை நான்கு வருடம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். கப்பலின் கேப்டனுக்குப் பணிக்காலம் முடிந்ததும் பதக்கம் கொடுத்தார்கள். 1996-இல் இறந்தவர் குடும்பங்களுக்கு 61.8 மில்லியன் டாலர் தர இசைந்தார்கள். மன்னிப்பு மட்டும் முறைப்படி கேட்கவில்லை.

1980-இல் இராக்கின் சதாம் உசேன் ஈரானுக்குள் படையெடுத்துத் தொடங்கிய போரில், பிற்பாடு உளவுத் தகவல் கொடுத்து இராக்கைத் தாங்கியதும் அமெரிக்காதான். இராக் விஷவாயு போடுவது தெரிந்தும் தாங்கியது.

ஜூன் 26, வியாழன்

ஸ்டாஃப் ரூமில் காரசாரமான பேச்சு. சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "எல்லாத்தையும் 1953 தலையிலேயே கட்டறீங்களே சார். தெஹ்ரான்ல அமெரிக்கத் தூதரகத்துல பூந்து 52 பேர 444 நாள் அடைச்சு வெச்சாங்களே, அது நியாயமா? பெய்ரூட்டுல ஈரான் ஆதரவு ஆளுங்க வெச்ச குண்டுல 241 அமெரிக்க வீரர்கள் செத்தாங்களே?"

நியாயமில்லை. அந்த 52 பேரின் குடும்பங்கள் பட்ட வேதனையைச் சின்னதாக நான் நினைக்கவே இல்லை. ஆனால் 1979 நவம்பர் 4 அன்று மாணவர்கள் அந்தத் தூதரகத்துக்குள் ஏன் புகுந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அக்டோபர் 22 அன்று ஷாவைச் சிகிச்சைக்கென்று அமெரிக்கா நியூயார்க்குக்கு வரவிட்டது. 1953-லும் ஷா ஓடிப்போய்த்தான் திரும்பி வந்தார். அன்று கவிழ்ப்பு வேலை நடந்ததும் அதே தூதரகத்திலிருந்துதான். மறுபடியும் அதையே செய்யப்போகிறார்கள் என்று மாணவர்கள் நம்பினார்கள். அமெரிக்கர்கள் 1979-இலிருந்து எண்ணுகிறார்கள், ஈரானியர்கள் 1953-இலிருந்து எண்ணுகிறார்கள். கவிழ்ப்பில் அமெரிக்காவுக்குப் பங்கு உண்டு என்று ஓர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர், மேடலின் ஆல்பிரைட், வெளிப்படையாகச் சொன்னது 2000-இல். 47 வருடம் ஆகியிருந்தது.

தெஹ்ரானை ஆளுகிறவர்களுக்காக நான் வாதாடவில்லை. 1988 கோடையில் சிறையில் இருந்த அரசியல் கைதிகளை ஆயிரக்கணக்கில் தூக்கிலிட்டவர்கள் அவர்கள். 2022-இல் மாசா அமினி போலீஸ் காவலில் இறந்ததற்கு நீதி கேட்ட பெண்களைச் சுட்டவர்கள். தெஹ்ரானின் எவின் சிறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷா காலத்தில் கட்டியது, சாவாக் ஆட்களை அடைத்து வதைத்தது. புரட்சி வந்தது, கதவைத் திறந்தார்கள், கொஞ்ச நாளில் வேறு ஆட்களைப் போட்டுப் பூட்டினார்கள். இந்தத் திங்கட்கிழமை அந்த எவின் மீதே இஸ்ரேல் குண்டு போட்டிருக்கிறது. உள்ளே இருந்தவர்களில் பலர் அந்த ஆட்சியை எதிர்த்ததற்காகவே பிடிபட்டவர்கள்.

சக ஆசிரியர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மதவாதிகள் எப்படியும் வந்திருப்பார்கள், மொசாதெக் இருந்தாலும் தாங்கியிருக்கமாட்டார் என்கிறார். இருக்கலாம். அந்த வாய்ப்பை ஈரானியரே பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. என் குறிப்பை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், திங்கட்கிழமை பதில் எழுதிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.