ஆவணி பிறக்கட்டும்

6 ஆகஸ்ட் 2025, புதன்
98.4 கிலோ. நேற்றைவிட 600 கிராம் கூட. நாசி லெமாக் தின்றதை மறைக்கத் தெரியவில்லை பயலுக்கு, அக்கா மகனுக்கு.

8 ஆகஸ்ட், வெள்ளி
வீரமாகாளியம்மன் கோயிலிலிருந்து வந்த கையோடு அக்கா சொல்லிவிட்டாள்: "ஆடியில ஒரு கையெழுத்தும் போடக் கூடாது. ஆவணி பிறக்கட்டும்." மேனேஜருக்கு ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாது. பயல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போகிற, அதாவது புரோ ஆகிற, ஒப்பந்தத்தில் நாளைக்கே கையெழுத்து வேணுமாம். நான் அக்கா பக்கம் சாய்ந்துகொண்டேன். ஆடி மாதத்தால் எனக்கு ஒரு நன்மை இதுவரை நடந்ததில்லை. இந்தத் தடவை ஒன்பது நாள் கிடைத்தது.

10 ஆகஸ்ட், ஞாயிறு
தூக்கம் இல்லை. பதினொன்று. பயல் அமெச்சூராக மோதியதே பதினொன்றுதான். அதிலும் மூன்று வாக்ஓவர். எதிராளி வரவில்லை, கையைத் தூக்கிவிட்டார்கள். மிச்சம் எட்டு. எட்டு மோதல், மும்மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிஷம். எல்லாமே கடைசிவரை போயிருந்தாலும் 72 நிமிஷம். ஒரு தமிழ்ப்படத்தின் இடைவேளைவரைக்கும்தான் வரும். உக்ரைனின் ஹெவிவெயிட் உசிக் 2012இல் லண்டன் ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கி, 350 மோதல் பழுத்த பிறகு, 26 வயதில்தான் புரோ ஆனார்.

சரி, காத்திரு என்றால் எதற்குக் காத்திருப்பான்? நான் ஃபேரர் பார்க்கில் 57 கிலோவில் ஆடியபோது வரிசையில் நின்று அடி வாங்கலாம். இவன் எடைக்கு இந்த ஊரில் கையுறை மாட்டுகிறவர்களை ஒரு கோப்பிக்கடை மேசையில் உட்கார வைத்துவிடலாம். நம்ம சிங்கப்பூரிலிருந்து ஒலிம்பிக்ஸ் ரிங்குக்குப் போனவர் சையது அப்துல் காதர், 1972 மியூனிக். லைட் ஃபிளைவெயிட், 48 கிலோ. பயலில் பாதி.

11 ஆகஸ்ட்
இடது கை. ஜாப், அந்த நேர்க்குத்து, போட்டுவிட்டுத் தாடைக்குத் திரும்பாமல் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. மறுபடியும்.

13 ஆகஸ்ட்
பிரிட்டன் ஹெவிவெயிட் டேனியல் டுபுவாவின் பழைய மோதலைத் திரும்பப் பார்த்தேன். நவம்பர் 2020. 19 வயதில் புரோ ஆனவன், அன்றைக்கு 23. எதிரே ஜோ ஜாய்ஸ், ரியோ ஒலிம்பிக்ஸில் வெள்ளி வாங்கிவிட்டு 32 வயதில் புரோ ஆன மனுஷன். அவசரமே இல்லை அவரிடம். ஒரே ஜாப், ஒரே இடது கண், திரும்பத் திரும்ப. பத்தாவது ரவுண்டில் டுபுவா முட்டி போட்டுவிட்டான். கண்குழி எலும்பு உடைந்திருக்கிறது. ஊரோ கோழை என்றது. அவசரப்பட்டால் இதுதான் என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில் இதே டுபுவாதான் முன்னாள் உலகச் சாம்பியன் ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தான். போன மாதம் உசிக்கிடம் அதே ஐந்தாவதில் விழுந்தான். யார் கூப்பிட்டாலும் வந்து சாட்சி சொல்கிறான்.

இடது கண்ணை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது.

15 ஆகஸ்ட்
கடைசி ஆடி வெள்ளி. 98.1.

17 ஆகஸ்ட், ஞாயிறு
விடியக்காலையில் பயல் கதவைத் தட்டினான். ரியாத்தில் மோசஸ் இட்டாவுமாவும் டில்லியன் ஒயிட்டும் மோதல், ஹெவிவெயிட். கோப்பி ஆறுவதற்குள் இட்டாவுமா முடித்துவிட்டான், முதல் ரவுண்டு. இட்டாவுமாவுக்கும் 20, இவனுக்கும் 20. "பதினெட்டு முடிஞ்ச மறுமாசமே அவன் புரோ, மாமா. நான் அப்ப தெக்கோங் தீவுல தேசிய சேவைக்குத் துப்பாக்கி தூக்கிட்டு மார்ச் பண்ணிட்டிருந்தேன். நான்தான் லேட்டு." அவன் புரோ ஆகுமுன் உலக இளையர் தங்கம் வாங்கியவன்டா என்றேன். காதில் விழவில்லை.

ஆவணி பிறந்துவிட்டது. நல்ல நேரம் பார்த்துக் கையெழுத்து. முதல் மோதல் நாலு ரவுண்டு, அக்டோபரில், தீபாவளிக்கு முந்தின வாரம். அறுபது டிக்கெட் அவனே விற்றுத் தர வேண்டுமாம். அது நாலாம் பக்கத்தில் இருந்தது, யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. சாட்சி இடத்தில் நான். அக்கா பாயசம் வைத்திருந்தாள். அந்த மேனேஜரை முதலில் வீட்டுக்குக் கூட்டி வந்தவன் நான்தான். அக்கா இதையெல்லாம் படிக்க மாட்டாள்.

24 ஆகஸ்ட்
ஸ்பாரிங், பயிற்சி மோதல். ரக்பி ஆடுகிற பையன் ஒருவன், 110 கிலோ இருப்பான், நல்ல மனசு, வந்தான். இரண்டாவது ரவுண்டில் இடது கை இறங்கியது. அவனுடைய வலது நேரே உள்ளே. மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு வந்து மவுத்பீஸ் சிவந்துவிட்டது. நான் துண்டோடு ஏறி முதலில் பார்த்தது கண்ணை. "மாமா, மூக்கு இங்க இருக்கு" என்று சிரிக்கிறான்.

28 ஆகஸ்ட்
மழை. ஓடவில்லை.

30 ஆகஸ்ட்
எங்கள் புளோக்கிலேயே 14 டிக்கெட் போய்விட்டது. அக்கா முதல் வரிசை கேட்கிறாள். பின்னால் உட்கார் என்று எப்படிச் சொல்வது?

2 செப்டம்பர், செவ்வாய்
எதிராளி மாறிவிட்டானாம். முதலில் பேசியவன் மூன்று மோதல் ஆடியவன். இவன் 19 மோதல். அதில் எத்தனை தோல்வி என்று கேட்டேன். தோற்றுத் தோற்றுப் பழகினவன் என்றால் நல்லது. நாலு ரவுண்டும் இழுப்பான், பயல் நாலு ரவுண்டு கற்றுக்கொள்வான். மேனேஜர், "பார்த்துட்டு மெசேஜ் போடறேன்ணே" என்றார்.

மணி பதினொன்றரை. இன்னும் வரவில்லை.