கொழிஞ்சாம்பாறைத் தோப்பில் ஒரு பழைய ஏடிவி: இதுவரை செய்த வேலை

மலைப்பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஓடி ஓய்ந்து, கூரையில்லாத இடத்தில் மழையும் வெயிலும் வாங்கிக் கிடந்த வண்டி. 250 சிசி ஸ்போர்ட் ஏடிவி (ரோடு இல்லாத இடத்தில் ஓட்டும் நாலு சக்கர பைக்), சீனத் தயாரிப்பு, 38,000 ரூபாய்க்கு வந்தது. இறக்குமதி செய்தவர்கள் எப்போதோ கடையை மூடிவிட்டார்கள். பார்ட் நம்பர் சொல்லிக் கேட்க ஆள் இல்லை என்பதால்தான் பலர் இந்த வண்டிகளை இரும்பு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது தேவையில்லை. இவற்றில் இருக்கும் பேரிங், செயின், சீல், போல்ட் எல்லாம் உலகம் முழுக்க ஒரே அளவுக் கணக்கில் வருபவை. கையில் ஒரு வெர்னியர் அளவுகோல் இருந்தால் போதும், பாலக்காட்டுக்கும் கோவைக்கும் நடுவில் இருக்கிற நமக்குக் கிடைக்காத சாமான் குறைவு.

இந்த வண்டிக்கு ரோட்டில் ஓட்டப் பதிவு கிடையாது. வேலந்தாவளம் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்ற ஆசையே வேண்டாம். காட்டுப் பக்கமும் கொண்டுபோகக் கூடாது. எங்கள் தென்னந்தோப்பு, வாய்க்கால் கரை, கரிசல் மண் வழி, அவ்வளவுதான் இதன் உலகம்.

செலவு செய்யும் வரிசையை முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். சக்கரத்தைப் பிடித்து நிற்பவை முதலில், பிறகு ஸ்டியரிங், பிரேக். இன்ஜின் அதற்கப்புறம். ஸ்டிக்கரும் எல்இடி லைட்டும் காசு மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடியது. ஸ்போர்ட் ஏடிவியில் பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே ஆக்சில்தான், அது கேரியர் என்ற உருளைக்குள் இரண்டு பேரிங்கில் சுற்றும். சீல் கிழிந்து சேறும் தண்ணீரும் உள்ளே போயிருந்தது. வெளியே தட்டி எடுத்தபோது ஒரு பேரிங்கின் குண்டுகள் துருப்பிடித்துச் செங்கல்பொடி நிறத்தில் கொட்டின. வளையத்தைத் துடைத்துப் பார்த்தால் 6007 என்று எழுத்து தெரிந்தது. கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள்விட்டம்: 35 மி.மீ. வெளிவிட்டம் 62, அகலம் 14. இந்த எண்ணைக் கோவையில் எந்த பேரிங் கடையில் சொன்னாலும் எடுத்துக் கொடுப்பார்கள். 2ஆர்எஸ் என்று கேட்டு வாங்குங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கும்.

பேரிங் போவதற்குக் காரணம் சேறு மட்டுமில்லை. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய் ஸ்பேசர் இருக்க வேண்டும். முன்பு யாரோ பிரித்துப் பூட்டியபோது அதைப் போடாமலே விட்டிருந்தார்கள். ஸ்பேசர் இல்லாமல் ஆக்சில் நட்டை இறுக்கினால் உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளப்பட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நசுங்கும். புது பேரிங் போட்டாலும் ஒரு சீசன் தாங்காது. கேரியருக்குள் பேரிங் உட்காரும் இரண்டு படிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து, அதைவிட 0.1 மி.மீ. கூடுதலாக ஒரு ஸ்பேசர் கடைந்து வாங்கினேன். பேரிங்குகளை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்து, காலையில் கேரியரை ஹீட் கன்னால் சூடாக்கி வைத்தபோது சுத்தியலுக்கு அவ்வளவாக வேலையே இல்லாமல் உட்கார்ந்தன. தட்ட வேண்டி வந்தால் வெளிவளையத்தில்தான் தட்ட வேண்டும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தைக் கொஞ்சம் கிரைண்டரில் தேய்த்து வைத்துக்கொண்டால் அதுவே நல்ல தட்டுக்கட்டை.

முன்பக்கம், சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் ஏ-ஆர்ம்களின் புஷ்கள் (ஆர்ம் அசையும் இடத்து உறைகள்) எல்லாம் பிளாஸ்டிக், தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டிருந்தன. ஆவாரம்பாளையத்தில் லேத் வைத்திருக்கும் பெரியவரிடம் நைலானில் கடைந்து தரச் சொன்னேன். ஆர்மை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நைலான் போட்டீங்கன்னா அடுத்த வருசமும் எங்கிட்டத்தான் வருவீங்க தம்பி. கன்மெட்டல்ல போட்டு ஒரு கிரீஸ் நிப்பிள் வெச்சுக்கலாங்க" என்றார். கன்மெட்டல் ஒரு வெண்கல வகை. உள்ளே வரும் ஸ்டீல் ஸ்லீவையும் அவரே கடைந்தார். ஸ்லீவ் புஷ்ஷைவிட ஒரு முடியளவு நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டை இறுக்கும்போது ஸ்லீவ் மட்டும் சேசிஸோடு பிடித்துக்கொள்ளும், ஆர்ம் அதன்மேல் தாராளமாக அசையும். சமமாக இருந்தால் இறுக்கியதும் ஆர்ம் அப்படியே விறைத்துவிடும். இப்போது போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு ஆர்மைத் தூக்கி விட்டால் தன் எடையில் மெதுவாகக் கீழே இறங்குகிறது. இதைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் இன்ஜின் ஸ்டார்ட் ஆனபோதுகூடக் கிடைக்கவில்லை.

ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் நுனிகள் புதிது. ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை என்பதால் ராடைத் திருகினாலே நீளம் கூடும், குறையும். முன்சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளி பின்விளிம்பைவிட 5 மி.மீ. குறைவாக வைத்திருக்கிறேன். ஹேண்டில் இப்போது நேராக நிற்கிறது. பிரேக்குக்கு மாஸ்டர் சிலிண்டர் சீல், புது பேட், டாட் 4 ஆயில். காற்று வெளியேற்றியதும் பெடல் கல் மாதிரி ஆனது.

டயர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பின்டயரில் 20x10-9 என்று இருக்கும்: வெளிவிட்டம் 20 அங்குலம், அகலம் 10, ரிம் 9. பின்னால் டிஃபரென்ஷியல் கிடையாது, இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் ஒரு டயர் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். தையல்காரர் டேப்பை டயரைச் சுற்றி வைத்து அளந்தேன், 63 அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். ஒரு டயர் ஒன்றரை அங்குலம் குறைவாக இருந்தது. காற்றைச் சரிசெய்ததுமே பெரும்பாதி வித்தியாசம் போய்விட்டது. ஏடிவி டயருக்கு 4, 5 பிஎஸ்ஐ காற்றுதான். பஞ்சர் கடை கம்ப்ரசரில் வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் 20-ஐத் தாண்டிவிடும், ரிம்மில் இருந்து வெடித்துக் கிளம்பினால் ஆளையே சாய்த்துவிடும். சைக்கிள் பம்ப்பும் குறைந்த அழுத்தம் காட்டும் கேஜும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்ஜின், ஹோண்டா 1976-ல் கொண்டுவந்த சிஜி125-இன் வழிவந்த, வால்வை நீளக் கம்பிகள் தள்ளித் திறக்கும் புஷ்ராடு அமைப்பு. எங்கு வேண்டுமானாலும் பிரித்து மாட்டக்கூடிய எளிமையான இன்ஜின். 250 என்று ஒட்டியிருந்தாலும் போர் (சிலிண்டர் விட்டம்) 67 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 65 மி.மீ., கணக்குப் போட்டால் 229 சிசிதான். பிஸ்டன் வாங்கும்போது ஸ்டிக்கரைப் பார்த்துக் கேட்டால் 69 மி.மீ. பிஸ்டன் கையில் வந்துவிடும், ஜாக்கிரதை. எனக்கு பிஸ்டன் மாற்றத் தேவைப்படவில்லை. வால்வ் இடைவெளியை இன்ஜின் ஆறியிருக்கும்போது 0.08 மி.மீ.க்கு வைத்ததும் ஸ்டார்ட்டிங் பிரச்சினை பாதி தீர்ந்தது.

மீதிப் பாதி கார்பரேட்டர். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அடியில் பச்சைப் பிசின் மாதிரி படிந்து, ஐடிலிங்கில் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டை அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தாமல் கிளீனரில் ஊறப்போட்டுக் காற்றடித்து எடுத்தேன். இன்டேக் ரப்பரில் மெல்லிய வெடிப்பும் இருந்தது. ஓடும் இன்ஜினில் அந்த இடத்தில் கிளீனர் அடித்தால் சத்தம் மாறும், அதை வைத்துக் கண்டுபிடித்தேன். எத்தனால் கலந்ததில் காற்று-பெட்ரோல் கலவை மெலிவதால் மெயின் ஜெட்டை (வேகத்தில் பெட்ரோல் விடும் துளை) ஒரு அளவு ஏற்றினேன். வெள்ளையாக இருந்த பிளக் முனை இப்போது மரநிறத்துக்கு வந்திருக்கிறது. வண்டி நிறுத்தும் முன் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிடுவது வழக்கமாகிவிட்டது.

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும்போது எங்கள் பக்கம் கிளம்பும் புழுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூம்பு வடிவத் திறந்த ஃபில்டரை பவர் கூடும் என்று விற்கிறார்கள். இந்தப் புழுதியில் அது பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். பழைய பெட்டியையே வைத்து, ஃபோமை மண்ணெண்ணெயிலும் பிறகு சோப்புத் தண்ணீரிலும் கழுவிக் காயவைத்து, ஆயிலில் நனைத்துப் பிழிந்து போட்டிருக்கிறேன்.

மேம்பாடு என்று செய்தது ஒன்றே ஒன்று. முன் பல்சக்கரத்தில் 14 பல்லுக்குப் பதில் 13. பின்னால் 40 இருப்பதால் விகிதம் 2.86-இல் இருந்து 3.08 ஆனது, இழுவை சுமார் 7.7 சதவீதம் கூடுகிறது. வாய்க்கால் கரை ஏறும்போது முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்து இழுக்க வேண்டிய நிலை இப்போது இல்லை. டாப் ஸ்பீடு குறையும். தோப்புக்குள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? செயின் 520 அளவு, டியூக் 390-க்கு வருவதே. தேவையான கண்ணிகளை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டேன். இன்ஜின் ஆயில் ஜாசோ எம்ஏ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரம்) முத்திரை உள்ளதாக இருக்கட்டும். கிளட்ச் ஆயிலுக்குள் நனைந்தே இருப்பதால் கார் ஆயில் ஊற்றினால் நழுவும்.

வண்டி விலை போக இதுவரை செலவு 20,000-ஐத் தொடவில்லை. ஹெல்மெட் அதில் சேராது, அது முதலிலேயே வாங்கியது. சீட் நீளமாக இருப்பதைப் பார்த்துப் பின்னால் உட்காரப் பக்கத்துத் தோட்டத்துப் பசங்க கேட்கிறார்கள். அந்த நீளம் ஓட்டுபவர் உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தி எடையை மாற்றுவதற்கு. ஒருத்தரைக்கூட ஏற்றவில்லை, ஏற்றவும் மாட்டேன்.

பாக்கி இருப்பது பின் ஷாக் அப்சார்பர். ஆயில் கசிகிறது, உடலை மடித்து மூடியிருப்பதால் பிரித்துச் சீல் மாற்றவும் வழியில்லை. கண்ணுக்குக் கண் (இரு முனைத் துளைகளின் நடுவில் இருந்து நடுவுக்கு) நீளம் 340 மி.மீ., போல்ட் துளை 10 மி.மீ. இந்த அளவில் உக்கடம் பழைய சாமான் கடைகளில் சொல்லிவைத்திருக்கிறேன். கிடைத்ததும் ஆள் ஏறி உட்கார்ந்து பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, ஸ்பிரிங் போதுமா என்று பார்க்க வேண்டும்.