டெம்ப்ளர் படையில் உங்களுக்கு எத்தனை குதிரை?

டெம்ப்ளர்கள், அதாவது சிலுவைப் போர்க் காலத்துக் கிறிஸ்தவத் துறவிப் போர்வீரர்கள், என்றதும் வெள்ளை அங்கியும் சிவப்புச் சிலுவையும்தான் கண்முன் வந்து நிற்கும். சினிமா செய்த வேலை. உண்மையில் அந்த வெள்ளை அங்கி நைட்களுக்கு (உயர்குடிக் குதிரைவீரர்களுக்கு) மட்டும்தான், மற்றபடி அங்கே கூட்டமாக இருந்ததெல்லாம் சார்ஜென்ட்கள், அதாவது அந்தப் பரம்பரை இல்லாத சாதாரண உறுப்பினர்கள்; அவர்களுக்குக் கறுப்பு அல்லது பழுப்பு.

1129-இல் பிரான்சின் ட்ருவா நகரில் கூடிய திருச்சபைக் கூட்டத்தில் ஒப்புதல் பெற்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த அவர்களுடைய விதிநூலைப் படித்தால், யார் பெரியவர் என்பதைக் குதிரைக் கணக்கிலேயே சொல்லிவிடலாம் போலிருக்கிறது. தலைவருக்கு நான்கு குதிரை, போதாக்குறைக்குச் சமையல்காரர், லாடம் அடிப்பவர், அரபு தெரிந்த எழுத்தர் என்று ஒரு பரிவாரம். நைட்டுக்கு மூன்று குதிரை, ஓர் உதவியாள். சாதாரண சார்ஜென்ட்டுக்கு ஒன்றே ஒன்று. ஆனால் (இன்றைய இஸ்ரேலில் உள்ள) அக்கர் துறைமுகத்தில் கப்பல்களைக் கவனித்தவர் மாதிரி முக்கியப் பொறுப்பில் இருந்த ஐந்து சார்ஜென்ட்களுக்கு மட்டும் இரண்டு குதிரையும் ஓர் உதவியாளும் உண்டு.

தலைவருக்கு அடுத்தவர் செனஷல். குதிரையும் ஆயுதமும் மார்ஷல் பொறுப்பு, துணிமணி டிரேப்பர் பொறுப்பு. போரில் கொடியை ஏந்துவது மார்ஷல்தான். அவரைச் சுற்றிப் பத்து நைட்கள் வரை காவல், அதில் ஒருவர் ஈட்டியில் இன்னொரு கொடியைச் சுருட்டி வைத்திருப்பார், முதல் கொடி விழுந்தால் இதை விரிக்க. கொடிக்கம்பத்தைத் தாழ்த்தி எதிரியைக் குத்தினால்கூடக் குற்றம், அங்கியையே கழற்றிவிடுவார்கள். கொடி சாய்ந்தால் பின்னால் வருகிறவன் படை ஓடுகிறது என்று நினைத்துவிடுவானே!

பிறப்பு விஷயத்தில் ரொம்பக் கறார். நைட் என்று சேர்ந்த ஒருவர் நைட் பரம்பரையே இல்லை என்று அவருடைய ஊர்க்காரர்களே போட்டுக்கொடுக்க, விசாரித்து, வெள்ளை அங்கியைப் பிடுங்கிப் பழுப்பை மாட்டிவிட்ட கதை அந்த விதிநூலிலேயே இருக்கிறது. இவ்வளவு ஏற்றத்தாழ்வு பார்த்தவர்கள், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் 13 பேரில் 8 நைட்கள், ஒரு பாதிரியார் போக 4 இடத்தைச் சார்ஜென்ட்களுக்குக் கொடுத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அப்புறம் 1307 அக்டோபரில் பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப் பிரான்சில் இருந்த டெம்ப்ளர்களை ஒரே நாளில் வளைத்துப் பிடித்தபோது சிக்கியவர்களிலும் பெரும்பாலோர் இந்தச் சார்ஜென்ட் வகையினர்தான், பண்ணையும் கால்நடையும் பார்த்துக்கொண்டிருந்த, வாளே தூக்காத ஆட்கள் உட்பட.