சிகாகோவில் பீப்பாய் ஸ்டவுட்: பனி பூத்த கிளாஸில் கொடுத்தால் திருப்பிவிடுங்கள்

எரிச்சல் ஆறுவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். விஸ்கிப் பீப்பாயில் ஊறிய, 14 சதவீத ஆல்கஹால் உள்ள ஸ்டவுட்டை (வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்பு பீர்) ஃப்ரீசரில் வைத்த பைன்ட் கிளாஸில் ஊற்றி, 18 டாலர் பில் போடுகிற பாரும் சிகாகோவில் இருக்கிறது. அதற்கு மேல் 20 சதவீத டிப்ஸ் வேறு. அந்தக் குளிரில் நாக்கு மரத்துப்போகும். கருகிய கசப்பும் வெறும் சர்க்கரையும்தான் தெரியும், மற்றதெல்லாம் உறங்கிக்கொண்டிருக்கும்.

நவம்பர் கடைசியில் போவதுதான் சரி. குளிர் கடிக்கும், ஆனால் நன்றி நவிலும் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) மறுநாள் வெள்ளிக்கிழமைதான் கூஸ் ஐலண்ட் என்ற சிகாகோ பீர் ஆலையின் போர்பன் கவுண்டி ஸ்டவுட் ஒவ்வோர் ஆண்டும் வெளிவருகிறது. 1990களில் அந்த ஆலையின் தலைமைக் காய்ச்சுநர் கிரெக் ஹால், போர்பன் (அமெரிக்கச் சோள விஸ்கி) தயாரிக்கும் ஜிம் பீம் தரப்பிலிருந்து வாங்கிய காலிப் பீப்பாய்களில் ஸ்டவுட்டை ஊறவைத்ததில் தொடங்கிய கதை இது. ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நகருக்கு ப்ளூ லைன் ரயில் 5 டாலர் வாக்கில், இரவு முழுக்க ஓடுகிறது. டாக்ஸிக்குக் கொடுக்கும் காசில் இரண்டு பாட்டில் வாங்கலாம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், தலை நரைத்திருந்தாலும் 21 வயது ஆனதற்கு அத்தாட்சி கேட்பார்கள்.

எதுவும் சேர்க்காத அசல் ஸ்டவுட்டின் விலை பாட்டில் 15 டாலரை ஒட்டி இருக்கும், கடைக்குக் கடை மாறும். பழம், தேங்காய் என்று சேர்த்து இனிப்புப் பலகாரம் போலச் செய்யும் 'பலகார வகைகள்' அதைவிட நன்றாகவே கூடுதல். அலமாரியில் எழுதியிருப்பது வரி சேர்க்காத விலை, பில்லில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறும். பட்ஜெட் இடித்தால் அசலை மட்டும் வாங்குங்கள். பலகார வகையைச் சின்ன கிளாஸில் ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பலகாரம் என்றால் நிஜமாகவே பலகாரம்தான். 2019இல் வந்த 'மோன் ஷெரி' 'செர்ரி பை' (pie) என்ற அமெரிக்கப் பழப் பலகாரத்தை நினைத்துச் செய்தது: மிச்சிகன் புளிப்புச் செர்ரி, ஓட்ஸ், பழுப்புச் சர்க்கரை. 2013இல் சிகாகோ வட்டாரத்துக்கு மட்டும் வந்த 'புரொப்ரைட்டர்ஸ்' முதல் பதிப்பில் வறுத்த தேங்காய். நமக்கு இது சட்டென்று பிடிபடும். தேங்காய் பர்பிக்குக் கிளறும்போது அடுக்களையில் எழும் வாசனைதான்.

ஆனால் தேங்காய் மணம் முழுக்கத் தேங்காயிலிருந்து வர வேண்டும் என்பதில்லை. போர்பன் விஸ்கியைப் உட்புறம் கரித்த புதிய ஓக் மரக் கலத்தில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒரு முறை பயன்பட்ட 53 கேலன், அதாவது 200 லிட்டர் பீப்பாய்கள் ஸ்டவுட் காய்ச்சுகிறவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. ஓக்கில் உள்ள லாக்டோன் என்ற வாசனைப் பொருள் தேங்காய் மணம் தரும், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் சூட்டில் உடைந்து வெனிலா மணம் தரும். வெயிலும் குளிரும் மாறி மாறி வர, ஸ்டவுட் பலகைக்குள் புகுந்து வெளியே வந்து இவற்றைக் கரைத்துக்கொள்கிறது. இதற்கு எட்டு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். வெனிலா எசன்ஸைக் கொட்டிக் குறுக்குவழி பிடித்தவை முதல் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடும்: மூக்கில் கேக் கடை, தொண்டையில் ஒன்றும் இல்லை.

ருசி பார்க்கும் முறைக்கு வருவோம். வாய் குறுகிய, வயிறு அகன்ற கிளாஸில் 100 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள். 12 டிகிரி செல்சியஸ் வாக்கில் தொடங்கலாம். நுரை டிகாஷன் நிறத்தில் எழுந்து சீக்கிரமே அடங்கும். தேங்காய் சேர்த்ததென்றால் எண்ணெய்ப்பசை நுரையை நிற்கவே விடாது, அது குறையல்ல. கிளாஸைச் சுழற்றினால் பாகு போலச் சுவரில் ஒட்டி இறங்கும். முதலில் வறுத்த காபி, கொஞ்சம் சூடேறியதும் கருப்பட்டி, கடைசி மிடறு அறைச் சூட்டுக்கு வரும்போதுதான் ஓக். பல வகை இருந்தால் அசலில் ஆரம்பித்துப் பலகாரத்தில் முடியுங்கள், நடுவே வெறும் தண்ணீர். தொட்டுக்கொள்ளக் கேக் வேண்டாம், திகட்டிவிடும். உப்புக் கடலையோ பழைய செடார் சீஸோ போதும்.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்க மூக்கு போதும். சோயா சாஸ் வாடை என்றால் ஈஸ்ட் செத்துக் கரைந்திருக்கிறது. நனைந்த அட்டை என்றால் காற்றுப் பட்டுவிட்டது. செர்ரியே சேர்க்காததில் புளிப்பு என்றால் பாக்டீரியா. 2015 வெளியீட்டில் சில வகைகள் இப்படிப் புளித்து, 2016இல் நிறுவனம் பணத்தைத் திருப்பித் தந்தது; அதன்பின் பாஸ்டரைஸ் செய்கிறார்கள், அதாவது சூடாக்கிக் கிருமியைக் கொல்கிறார்கள். அசலைச் சில வருடம் வைத்திருக்கலாம். பலகார வகையை ஒரு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும், சேர்த்த தேங்காயும் வெனிலாவும்தான் முதலில் ஓடிப்போகும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளில் லாக்டோஸ் (பால் சர்க்கரை) இருக்கிறதா என்று பார்க்கவும்.

500 மில்லி பாட்டில் ஒன்று அமெரிக்கக் கணக்கில் நான்கு டிரிங்குக்குச் சமம். தனியாகக் காலி செய்யும் சமாசாரம் இல்லை.

ஊருக்குக் கொண்டுவர: ஆல்கஹால் 24 சதவீதத்துக்குக் கீழே என்பதால் செக்-இன் பெட்டியில் போடுவதற்கு அமெரிக்கப் பக்கம் அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஜிப் பையில் போட்டு, ஜீன்ஸ் காலுக்குள் நுழைத்து, பெட்டியின் நடுவில் வையுங்கள். சென்னையில் இறங்கும்போது வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர், அதாவது நான்கு பாட்டில். வழியில் ட்யூட்டி ஃப்ரீயில் தூக்கும் விஸ்கியும் இந்த 2 லிட்டருக்குள்தான் அடக்கம். ஐந்தாவது பாட்டிலைச் சிகாகோவிலேயே நாலு பேரைச் சேர்த்துத் திறந்துவிடுவது லாபம்.