முதலில் கொம்பு

விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்தியது. அப்போது நான் தென்மாவட்ட ஊர் ஒன்றில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். மொத்தம் 14 கணினிகள். பாதிக்கு மேல் 512 எம்பி ராம். விண்டோஸ் 7 போட வேண்டுமென்றால் குறைந்தது 1 ஜிபி வேண்டும். புதுக் கணினிக்குப் பணம் கிடையாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். பென் டிரைவில் வைரஸ் ஏறி, கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும் காலம் அது. விண்டோஸுக்குப் பதிலாக, இலவச லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் எடை குறைந்த வடிவம் லுபுண்டு 14.04-ஐப் போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். சரி என்றார்கள்.

அந்த முடிவு சரியானதுதான், இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. செய்த விதம்தான் தவறு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பல அலுவலகங்கள் அதே இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஒரு சனி, ஞாயிறில் 12 கணினிகளை மாற்றினேன். கணக்குப் பிரிவின் இரண்டை மட்டும், விண்டோஸில் ஓடும் டேலி கணக்கு மென்பொருளுக்காக விட்டுவைத்தேன். திங்கட்கிழமை காலை எதிர்பார்த்த சத்தம் எல்லாம் வந்தது. ஸ்டார்ட் பட்டன் எங்கே, என் டெஸ்க்டாப் படம் எங்கே, இது யாரைக் கேட்டு மாத்தினது. லுபுண்டுவிலும் மெனு இடது கீழ் மூலையில்தான் இருக்கும் என்பதால் அந்தக் கேள்விகள் ஒரே நாளில் அடங்கின. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை வழிக்குக் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. சத்தம் போட்டவர்கள் எல்லாரும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள்.

சத்தமே போடாதவர் ஒருவர் இருந்தார். அலுவலகத்தின் தட்டச்சர். நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் தட்டச்சில் ஹையர் தேர்வு முடித்தவர். இயந்திரத்தில் தொடங்கி, பிறகு கணினிக்கு வந்தவர். வெளியே போகும் தமிழ்க் கடிதம் எதுவானாலும் அவர் கையால்தான் போகும். அவருடைய கணினியில் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டு, அதன் படத்தை அச்செடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக் கொடுத்தேன். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை, உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம், 'க'-வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வரும், கற்றுக்கொள்வது சுலபம் என்று விளக்கினேன். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். “பழகிக்கிறேன் தம்பி” என்றார்.

கடிதங்கள் ஒழுங்காக வந்தன, சுத்தமாக, நேரத்துக்கு. எல்லாரையும்விட விரைவாக மாறிக்கொண்டவர் அக்காதான் என்று மேலாளரிடம் சொன்னேன்.

மூன்றாவது வாரம் ஒரு கடிதத்தின் மென்நகல் தேவைப்பட்டது. அவர் கொடுத்த கோப்பைத் திறந்தால், ஆங்கில எழுத்துகளின் தலையில் புள்ளியும் கோடும் முளைத்த குப்பை வரிவரியாக வந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, இது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் இல்லை. பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகளை ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் தெரியும். 12 கணினிகளில் எதிலும் அதை நான் போடவில்லை. அப்படியென்றால் கடிதம் எங்கே அடிக்கப்பட்டது?

பேருந்து நிலையத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டரில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய், எக்ஸ்பி ஓடும் கணினியில் பழைய எழுத்துருவில் அடித்து, அங்கேயே பிரிண்ட் எடுத்து, கைக்காசு கொடுத்துக் கொண்டுவந்திருக்கிறார். மூன்று வாரமும் டிபன் பாக்ஸை மாலையில்தான் திறந்திருக்கிறார்.

கோபம் வரவில்லை. வயிற்றைப் பிசைந்தது. அவர் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சின்னப் பிள்ளைங்க எல்லாம் என்கிட்ட வந்துதான் அடிக்கக் கேட்பாங்க. அவங்க முன்னாடி ஒவ்வொரு எழுத்தா தேடிக்கிட்டு உட்கார முடியல தம்பி.”

அப்புறம் ஒரு வரி அடித்துக் காட்டச் சொன்னேன். என் வேலையில் நான் பார்த்தவற்றிலேயே முக்கியமான ஐந்து நிமிடம் அது. அவர் விசைப்பலகையைப் பார்க்கவே இல்லை. 'கொடு' என்ற சொல்லுக்கு விரல் முதலில் கொம்பைத் தேடிப் போனது. பிறகு 'க', அதற்குப் பிறகு கால். கையால் எழுதும்போது நாம் இடமிருந்து வலமாக எந்த வரிசையில் எழுதுகிறோமோ அதே வரிசை, தட்டச்சு இயந்திரத்தின் வரிசை. தமிழ்99-இல் 'க'-வைத் தட்டி 'ஒ'-வைத் தட்ட வேண்டும். விசைகள் இடம் மாறியதோடு போகவில்லை, எழுத்து பிறக்கும் வரிசையே மாறிவிட்டது. இருபது வருடமாகக் கொம்பை முன்னால் அடித்த விரலிடம் பின்னால் அடி என்று ஒரு படத்தை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். திரையில் வேறு எழுத்து வந்து விழுந்ததும் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை உள்ளீட்டு முறைகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்ஸின் எம்17என் தொகுப்பில் தமிழ்99-க்குப் பக்கத்திலேயே தட்டச்சுப்பொறி முறையும் இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. நான் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் ஒலியாகத் தட்டிப் பழகியவன் என்பதால் அந்தப் பட்டியலைக் கீழே வரை படித்ததே இல்லை. ஒருவரை மூன்று வாரம் பட்டினி போடுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

அதுவரை எதிர்ப்பு என்றால் சோம்பல் அல்லது பயம் என்றுதான் நினைத்திருந்தேன். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் சூசே லினக்ஸுக்கு மாறியதைப் பற்றிப் படித்துவிட்டு, மேலிடத்தில் உறுதி இருந்தால் போதும் என்று நம்பியவன் நான். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியில் அந்த உறுதி இருந்தது. 2003-இல் லினக்ஸ் என்று முடிவெடுத்து, பத்து வருடம் உழைத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றினார்கள். 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று நகர மன்றம் தீர்மானித்தது. அதற்கு அரசியல் உட்படப் பல காரணங்கள். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் நிலைத்துவிட்டது. அங்கே ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் ஆசிரியர்களே. தெரியாது என்று தன்னைப் போன்ற ஒருவரிடம் சொல்வது எவ்வளவு எளிது என்பதை அக்காவின் மேசைக்குப் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

மறுநாள் தட்டச்சுப்பொறி முறையைப் போட்டுக் கொடுத்தேன். சில குறியீடுகள் மட்டும் இடம் மாறியிருந்தன. அவற்றைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டார். பழைய எழுத்துருவையும் நிறுவினேன், பழைய கடிதங்கள் லினக்ஸின் அலுவலக மென்பொருளான லிப்ரேஆபிஸில் அப்படியே திறந்தன. யூனிகோடுக்கு மாற்றியபோது சில இடங்களில் கொம்பு எழுத்தைப் பிரிந்து, தனியாக ஒரு புள்ளி வட்டத்தோடு நின்றது. ஏன் என்று கேட்டார். உள்ளே கணினி 'க'-வை முதலில் வைத்துக் கொம்பைப் பிறகு வைக்கிறது, திரையில்தான் முன்னால் காட்டுகிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ அதுக்கும் என்னை மாதிரி பழக்கம்தான்” என்றார். ஒரு மாதத்தில் பழைய கோப்புகளை மாற்றித் திருத்தும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். பிழையாக ஒட்டிய கொம்பைக் கண்டுபிடிப்பதில் அவரளவுக்குக் கண் எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு வேலை பார்த்த எந்த இடத்திலும் நிறுவல் வட்டை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு மேசைக்கும் போய், வழக்கமான ஒரு வேலையைச் செய்து காட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைப் பார்க்கிறேன். நாள்கணக்கில் ஆகும். மேலிடத்தில் அவசரப்படுவார்கள். அதற்காக விட்டுக்கொடுப்பதில்லை.

நான் அந்த அலுவலகத்தை விட்டுக் கிளம்பிய வாரம் அக்கா ஒரு மடிக்கணினியைப் பையில் வைத்து எடுத்து வந்தார். அவர் மகனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்தது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வரும், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளையில் உருவானது. மகன் அந்தப் பக்கம் போனதே இல்லையாம்.

“இதுலயும் நம்ம டைப்ரைட்டர் வருமா தம்பி?” என்று கேட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.