லான்யாப் என்றால் கொசுறு: லூசியானா நாட்குறிப்பு

2024 பிப்ரவரி 3, சனி

இன்று பூடான் வாங்கப் போன இடத்தில் கொசுறு கிடைத்தது.

பூடான் என்றதும் இமயமலைப் பக்கம் தேட வேண்டாம். சோறு, பன்றிக்கறி, ஈரல், வெங்காயத்தாள் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, குடலுக்குள் அடைத்து அவித்தது. நாங்கள் இருக்கும் லஃபாயெட்டில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஊர் இது, பெட்ரோல் பங்கில்கூட சுடச்சுட விற்பார்கள். இரண்டு பவுண்டு நிறுத்துப் போட்ட கடைக்காரர், மேலே ஒரு துண்டைத் தாளில் சுருட்டிப் பையில் செருகி, "லான்யாப்" என்றார். காசுக்கு மேல் சும்மா தருவதாம். அட, நம்ம கொசுறு! காரைக்கால் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கிவிட்டுக் கறிவேப்பிலைக்குக் கை நீட்டி வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், அந்தச் சொல் ஆண்டீஸ் மலையில் கெச்சுவா மொழியில் பிறந்து, ஸ்பானியர் வாயில் 'லா ஞாப்பா' ஆகி, இங்கே வந்து பிரெஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் வந்து ஆறு மாதம் ஆகிறது. மனைவிக்கு மருத்துவமனை வேலை, எனக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் கவுன்டி என்பதை இங்கே பாரிஷ் என்கிறார்கள். கோயில் பங்கு என்று நம் கத்தோலிக்கர்கள் சொல்வார்களே, அந்தப் பங்குதான். மொத்தம் 64. காரைக்காலில் நாங்கள் இன்னும் கொம்யூன் பஞ்சாயத்து என்கிறோம். வெள்ளைக்காரன் போய்விட்டாலும் அவன் வைத்த பெயர் அலுவலகப் பலகையை விட்டு இறங்குவதில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

மார்டி க்ரா. கொழுத்த செவ்வாய் என்று பொருள். நாளை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அதற்குள் தின்று தீர்க்க வேண்டும். தொலைக்காட்சியில் நியூ ஆர்லியன்ஸ் ஊர்வலம், பாசிமணி வீச்சு. பக்கத்து வீட்டுப் பாட்டி, "அது டவுன்காரங்க கூத்து. நீ மாமூ ஊர்ப் பக்கம் போய்ப் பார்" என்று விரட்டிவிட்டார்.

போனோம். கந்தல் துணியில் குஞ்சம் குஞ்சமாகத் தைத்த உடை, கம்பி வலை முகமூடி, கூம்புத் தொப்பி. குதிரையிலும் டிரெய்லரிலுமாக ஒரு கூட்டம் ஊர் ஊராகப் போகிறது. தலைவனுக்கு 'கப்பித்தான்' என்று பெயர், அவனுக்கு மட்டும் முகமூடி கிடையாது. வெள்ளைக் கொடியோடு முதலில் அவன் வீட்டு வாசலுக்குப் போய் அனுமதி கேட்பான். வீட்டுக்காரர் சரி என்றால் கூட்டம் இறங்கிப் பாடும், ஆடும், காசு கேட்டுக் கெஞ்சும். வீட்டுக்காரர் உயிரோடு ஒரு கோழியை வீசுவார். அப்புறம் ஒரே ரகளை. நான் பார்த்த கோழியைப் பிடித்தவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். வாய்க்கால் சேற்றில் முழங்கால்வரை இறங்கி, இரண்டு முறை வழுக்கி விழுந்து, கடைசியில் அதன் ஒரு காலைப் பிடித்துவிட்டான். முகமூடி கோணிக்கொண்டு மூக்கு ஒரு பக்கம் தெரிகிறது. கோழியைவிட அவனுக்குத்தான் அதிகமாக மூச்சிரைத்தது.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற நாங்கள் வீடு வீடாக அரிசி கேட்டுப் போவோம். கோழியை மட்டும் யாரும் வீசியதில்லை.

சேர்ந்த கோழியெல்லாம் மாலையில் கம்போ. மாவையும் கொழுப்பையும் கருகும் நிலைக்கு ஒரு நிமிடம் முன்புவரை வறுத்துக்கொண்டே இருக்கும் 'ரூ' பிரெஞ்சுக்காரர் முறை. சட்டியில் கடைசியாகத் தூவும் சாசஃப்ராஸ் இலைப்பொடி சொக்டாவ் பழங்குடியினர் தந்தது. கம்போ என்ற பெயரே ஆப்பிரிக்காவில் வெண்டைக்காய்க்கு உள்ள சொல்லிலிருந்து வந்தது. சோற்றின் மேல் ஊற்றித் தருகிறார்கள். கறுப்பு நிறக் குழம்பைப் பார்த்து மனைவி முதலில் தயங்கினார், அப்புறம் மூன்றாம் முறை கேட்டு வாங்கினார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

நியூ ஆர்லியன்ஸ் போய்வந்தோம், 135 மைல். வழியில் அச்சாஃபலயா சதுப்பின் மேல் 18 மைல் பாலம். இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் சைப்ரஸ் மரங்கள், கிளைகளில் சாம்பல் நிறச் சடை. மிசிசிப்பி ஆறு பல காலமாக இந்தப் பக்கம் திரும்பத்தான் பார்க்கிறது, கடலுக்கு இது குறுக்குவழி. முழுக்கத் திரும்பிவிட்டால் நியூ ஆர்லியன்ஸ் ஆறில்லாத துறைமுகம். ஆகவே 1963 முதல் மதகு வைத்து, மிசிசிப்பித் தண்ணீரையும் ரெட் ஆற்றுத் தண்ணீரையும் சேர்த்து 30 விழுக்காடு இந்தப் பக்கம், 70 அந்தப் பக்கம் என்று அளந்து விடுகிறார்கள். 1973 வெள்ளத்தில் அந்த மதகே அடியில் அரித்துப் போகப் பார்த்தது. காவிரித் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கல்லணை நினைவுக்கு வராமல் இருக்குமா.

ஊருக்குள் பிரெஞ்சு குவார்ட்டர் என்று எல்லோரும் படம் எடுக்கும் தெருக்கள் இருக்கின்றனவே, அவற்றில் பிரெஞ்சுக்காரன் கட்டியது அநேகமாக ஒன்றும் இல்லை! 1718இல் பியான்வில் என்ற பிரெஞ்சு அதிகாரி இந்த ஊரை அமைத்தார். 1762இல் பிரான்ஸ் சத்தமில்லாமல் ஸ்பெயினுக்குக் கொடுத்துவிட்டது. 1788 புனித வெள்ளியன்று பிடித்த தீயில் 800க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பல்; 1794இல் மறுபடியும் தீ. பிறகு எழும்பிய வளைவுகளும் முற்றங்களும் ஸ்பானிய ஆட்சியில் வந்தவை, இரும்புச் சரிகை பால்கனிகள் அதற்கும் பிந்தியவை. பிரெஞ்சுக் காலத்து மிச்சம் என்று காட்டுவது உர்சுலின் கன்னியர் மடம். பூட்டியிருந்தது. வெளிச்சுவரைத் தொட்டுவிட்டு வந்தேன்.

ஸ்பெயின் திருப்பிக் கொடுத்து, இங்கே மறுபடி பிரெஞ்சுக் கொடி ஏறியது 1803 நவம்பர் 30. இறங்கியது டிசம்பர் 20. இருபதே நாள்! ஹெய்ட்டியில் அடிமைகள் எழுந்து நின்றதும், அனுப்பிய படை மஞ்சள் காய்ச்சலில் மடிந்ததும் நெப்போலியனுக்கு அமெரிக்காக் கனவையே வெறுக்க வைத்துவிட்டன. 1.5 கோடி டாலருக்கு லூசியானாவை அமெரிக்க அரசுக்கு விற்றுவிட்டார். ஏக்கர் மூன்று சென்ட்டுக்கும் குறைவு.

காரைக்காலான் என்பதால் எனக்கு ஒரு தனிக் குறுகுறுப்பு. 1719 முதல் 1731 வரை லூசியானாவை நடத்திய கம்பெனியும் பாண்டிச்சேரியில் துணி வாங்கிய கம்பெனியும் ஒன்றே: பிரெஞ்சு இந்தியக் கம்பெனி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கப்பலில் ஏற்றி இங்கே இறக்கியதும் அதுதான். நெல் விதையும் நெல் பயிரிடத் தெரிந்த ஆட்களும் வேண்டும் என்று கப்பல் தலைவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு ஊரையும் இணைக்கும் இன்னொரு நூலிழையும் உண்டு. 1786இல் ஸ்பானிய ஆளுநர் மீரோ, கறுப்பினப் பெண்கள் கூந்தலை மறைத்துத் துணி கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார். வெள்ளைக்காரிகளைவிட அழகாகத் தெரிகிறார்களாம். அவர்கள் பளிச்சென்ற மெட்ராஸ் கட்டம்போட்ட துணியை வாங்கி, அடுக்கடுக்காக உயர்த்திக் கட்டி, முன்னைவிட மிடுக்காக நடந்தார்கள். எந்தத் தறியில் நெய்தது அந்தத் துணி!

மார்ச் 9, சனி

கிராஃபிஷ் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. சிங்கி இறாலின் குட்டி போல இருக்கும், விரல் நீளம், சேற்று நிறம், அவித்தால் சிவப்பு. வழக்கமாக இந்த மாதத்தில் எல்லா வீட்டுக் கொல்லையிலும் அண்டா கொதிக்குமாம். இந்த ஆண்டு இல்லை. புதன்கிழமை ஆளுநரே பேரிடர் அறிவிப்புக் கொடுத்துவிட்டார்.

காரணம் போன கோடை. நாங்கள் வந்து இறங்கிய ஆகஸ்டில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. க்ரோலி பக்கம் வயல் வைத்திருக்கும் ஒருவர் இன்று வரப்பில் நின்று விளக்கினார். இங்கே நெல்லும் கிராஃபிஷும் ஒரே வயலில். நெற்பயிர் நிற்கும்போது தண்ணீரில் விட்டுவிடுவார்கள். அறுப்புக்காகத் தண்ணீரை வடித்ததும் அது வளை தோண்டி மண்ணுக்குள் போய் முட்டையிடும். இலையுதிர் காலத்தில் திரும்பத் தண்ணீர் கட்டினால் குஞ்சுகளோடு மேலே வரும், அழுகிய தாளைச் சார்ந்து வளரும். நம் பக்கம் தாளை ஆடு மேய விடுவோம், இவர்கள் இதை மேய விடுகிறார்கள். போன கோடையில் வளைக்குள் ஈரமே இல்லை. உள்ளே போனது உள்ளேயே காய்ந்துவிட்டது.

அவர் ஒரு கூண்டைத் தூக்கிக் காட்டினார். கம்பி வலைக் கூம்பு, உள்ளே இரைக் கட்டி, நாலே நாலு. அதில் ஒன்று பொடி. அதைத் தண்ணீரில் விட்டார். "நல்ல வருடத்தில் இது வாய்வரை நிறைஞ்சிருக்கும்" என்றவர் கூண்டை மறுபடி சேற்றில் ஊன்றிவிட்டு அடுத்ததற்குப் போனார். வானம் பொய்த்தால் விவசாயி பேசும் தொனி எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. அவர் காலில் ரப்பர் பூட்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் 14, வியாழன்

சொத்து விஷயம் ஒன்று கேள்விப்பட்டேன். உயில் எழுதாமல் கணவன் இறந்தால், அவர்கள் சேர்ந்து சம்பாதித்ததில் அவன் பங்கு பிள்ளைகளுக்கு. ஆனால் அனுபோக பாத்தியம் மனைவிக்கு, அவள் மறுமணம் செய்யும்வரை. மற்ற மாநிலங்கள் இங்கிலாந்தின் வழக்குச் சட்டத்தைப் பின்பற்ற, இங்கே மட்டும் பிரெஞ்சு, ஸ்பானிய வழியில் வந்த சிவில் சட்டத் தொகுப்பு. முதல் தொகுப்பு 1808. நோட்டரிகூட இங்கே ஆயுளுக்கும் பதவி, பத்திரமே எழுதலாம். மறுமணம் செய்யாதே என்று சட்டம் மறைமுகமாகச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

பாட்டியோடு திண்ணையில் உட்கார்ந்து நெடுநேரம் பேச்சு. வயது 84. என்னை 'ஷா' என்று கூப்பிடுவார். கண்ணு, ராசா என்பது மாதிரி.

இவர்கள் கேஜன்கள். முன்னோர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், அகாடியா என்ற இடத்தில் உப்பு நிலத்தைக் கரை போட்டு மீட்டு வாழ்ந்த பிரெஞ்சு விவசாயிகள். பிரிட்டிஷ் மன்னருக்கு முழு விசுவாசம் சொல்ல மறுத்ததால் 1755 முதல் கப்பலில் ஏற்றித் துரத்தினார்கள். குடும்பங்கள் சிதறின. 1764, 1765 வாக்கில் சிலர் இங்கே வந்து சேர்ந்தார்கள், 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர். அகாடியன் என்பதுதான் தேய்ந்து கேஜன்.

பாட்டிக்கு ஆறு வயதுவரை ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. மாநிலத்தின் 1921 அரசியல் சட்டம் பள்ளியில் ஆங்கிலம்தான் என்று விதித்துவிட்டது. முதல் நாள் வெளியே போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் பாவாடையை நனைத்துக்கொண்டாராம். பிரெஞ்சில் பேசினால் 'பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேச மாட்டேன்' என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். "அதனால என் பிள்ளைங்ககிட்ட நான் பிரெஞ்சு பேசவே இல்ல, ஷா. அவங்களாவது அடி வாங்க வேணாம்னுதான்."

1968இல் அரசே பிரெஞ்சை மீட்க ஒரு மன்றம் வைத்தது. பெல்ஜியத்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். இறாலைப் பாட்டி 'ஷெவ்ரெட்' என்பார். வந்த ஆசிரியர்கள் 'க்ரெவெட்' என்று திருத்தினார்கள். காருக்கு இவர் சொல்வது 'ஷார்', அதுவும் தப்பாம். பாட்டி அதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை.

பேச்சு பாட்டுக்குத் தாவியது. சனிக்கிழமை நடனத்துக்கு இவர்கள் வைத்த பெயர் 'ஃபே தோ-தோ', குழந்தையைத் தூங்க வைக்கச் சொல்லும் வார்த்தை. பிள்ளையைப் பக்கத்து அறையில் தூங்கப் போட்டுவிட்டுப் பெற்றோர் ஆடப் போவார்களாம். பிரெஞ்சு பேசும் கறுப்பினத்தவரான கிரியோல்களின் இசைக்கு ஸைடிகோ என்று பெயர். 'பீன்ஸில் உப்பில்லை' என்ற பிரெஞ்சு வாக்கியத்தில் உள்ள 'லே ஸாரிக்கோ'தான் அப்படித் திரிந்தது என்கிறார்கள். உப்புக்கண்டம் போடக்கூட வழியில்லாத வீட்டின் பாட்டு. அதை உலகுக்குக் கொண்டுபோன க்ளிஃப்டன் ஷெனியே ஒப்பலூசாஸ் பக்கத்துக்காரர்.

ஏப்ரல் 13, சனி

ஈல் த ஜான் சார்ல்ஸ் தீவு. தீவுச் சாலை என்று ஒன்று 1953இல் போட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர், சாலை விளிம்பில் அலை நக்குகிறது. பழைய படத்தில் அந்த இரண்டு பக்கமும் சதுப்புப் புல்.

பிரெஞ்சு பேசும் பழங்குடியினரின் ஊர். 1955லிருந்து தன் நிலத்தில் 98 விழுக்காட்டை இழந்துவிட்டது. கரை கட்டியதால் மிசிசிப்பியின் வண்டல் வருவதில்லை. எண்ணெய் எடுக்க வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் உள்ளே வருகிறது. புயல் மிச்சத்தைப் பிடுங்குகிறது. 2016இல் மத்திய அரசு 4.8 கோடி டாலர் ஒதுக்கியது. 2022இல் குடும்பங்கள் 40 மைல் வடக்கே குடியேறின. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐடா புயல் கூரைகளைக் கொண்டுபோயிருந்தது.

உயரக் கால்களில் நிற்கும் ஒரு வீடு. படிக்கட்டு இருக்கிறது, மேலே கதவும் இருக்கிறது, சுவர் இல்லை. கீழே ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். வேலி ஓரத்தில் உப்பில் பட்டுப்போன ஓக் மரம், பட்டை உரிந்து எலும்பு மாதிரி வெள்ளை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பாய்ண்ட்-ஓ-ஷியனில் இருந்த ஆரம்பப் பள்ளியை 2021இல் மூடிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் போராடி, போன ஆகஸ்டில் பிரெஞ்சிலேயே பாடம் நடத்தும் பள்ளியைத் திறக்க வைத்திருக்கிறார்கள். நிலம் போகிறது, இவர்கள் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். என்ன ஜனங்களோ.

திரும்பும் வழியில் ஐந்து பவுண்டு இறால் வாங்கினோம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வருடப்பிறப்பன்று இறாலா என்று அம்மா தொலைபேசியில் திட்டினார். நேற்று வாங்கியதை என்ன செய்ய? பாயசமும் வடையும் எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன், கொசுறாக ஒரு கிண்ணம் இறாலும். "லான்யாப்!" என்று கைதட்டினார். உரிக்க உட்கார்ந்தோம். நான் ஒன்றை உரிப்பதற்குள் அவர் நாலு.

'ஷெவ்ரெட்' எப்படி எழுதுவது என்று கேட்டு நாட்குறிப்பை நீட்டினேன். பேனாவை வாங்கியவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார்.

"பிரெஞ்சு எனக்கு எழுதத் தெரியாது, ஷா. யாரு சொல்லிக்கொடுத்தா? அந்த நூறு வரியும் இங்கிலீஷ்லதான எழுத வெச்சாங்க."

பேனாவைத் திருப்பித் தந்தார். சரி என்று அவர் சொல்வதைக் கேட்டுத் தமிழில் எழுதினேன்: ஷெவ்ரெட். இதில் எது 'ரெ' என்று கேட்டார். காட்டினேன். ஒற்றைக் கொம்பின் மேல் இறால் வாசத்தோடு விரலை வைத்து, மெதுவாகச் சுழித்துப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் அந்த இடம் இன்னும் ஈரமாக இருக்கிறது.